தடைக்காலத்து இரவுகளில் கடற்பூதப் படங்கள்: புதிதாகப் பார்க்கத் தொடங்குவோருக்கு

குமரி மாவட்டத்தில் தேங்காப்பட்டணத்துக்கும் நீரோடிக்கும் இடைப்பட்ட எங்கள் கடற்புறத்தில் ஜூன் முதல் நாளன்று விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் தொடங்குகிறது. எல்லைக்கு அப்பால் கேரளத்தின் இழுவலைத் தடை சில நாள்கள் கழித்துத் தொடங்கினாலும், இரண்டும் ஜூலை 31 நள்ளிரவில் ஒன்றாகவே முடிகின்றன. கொச்சியில் படகைக் கட்டிவிட்டு வரும் தூத்தூர்ப் பக்கத்துச் சுறாத் தூண்டில்காரர்கள் தொடர்ந்து பல வாரங்கள் வீட்டில் இருப்பது அநேகமாக அப்போது மட்டுமே. மழையும் காற்றும் அடங்காத அப்படியொரு ஜூன் மாதத்தில், ஊர் வாசகசாலையின் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, நாங்கள் பழைய கடற்பூதப் படங்களைப் போடத் தொடங்கினோம்.

தொடக்கமே தவறாகிவிட்டது. எல்லோருக்கும் பெயர் தெரிந்த படம் என்பதால் 1975இல் வெளிவந்த 'ஜாஸ்' படத்தை முதலில் போட்டோம். நாற்பது ஆண்டுகள் ஆழ்கடலில் தூண்டில் போட்ட மனிதர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள் என்பதை மறந்துவிட்டோம். இயந்திரச் சுறா படகின் பின்பக்கத்தில் ஏறி வாயைப் பிளந்தபோது கூடமே சிரித்தது. என் பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. படம் முடிந்து கட்டன் சாயா குடிக்கும்போது அவர் சொன்னார்: "மக்களே, அந்தச் சொறாவு ரப்பரு, பாத்துக்க. ஆனா அந்தப் பீப்பா தண்ணிக்கு மேல போவுது பாரு, அது நெசம்."

அவர் குறிப்பிட்டது, சுறாவின் உடலில் குத்திய ஈட்டியோடு கயிற்றால் இணைத்த மஞ்சள் பீப்பாய்களை. விலங்கு கண்ணுக்குத் தெரியாமல் ஆழத்தில் போகிறது. பீப்பாய் மட்டும் அலையைக் கிழித்துக்கொண்டு ஓடுகிறது, பிறகு சட்டென்று அமிழ்கிறது. தூண்டில் கயிற்றின் மிதவை அப்படி அமிழ்வதை வாழ்நாள் முழுவதும் பார்த்தவர் அதை உடனே அடையாளம் கண்டுகொண்டார். இந்த வகைப் படங்களைப் பார்ப்பதற்கு அவர் சொன்னதைவிட நல்ல வழி எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. பூதம் எவ்வளவு அசலாக இருக்கிறது என்று அளப்பதை ஒத்திவைத்துவிட்டு, அது தண்ணீரையும் படகையும் கரையில் நிற்கும் மனிதரையும் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். கீழே வரும் ஒழுங்கு முழுவதும் அதற்கேற்ப அமைந்ததுதான்.

திரையைச் சரிசெய்தல்

படத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் தொலைக்காட்சிப் பெட்டியின் அமைப்புகளுக்குள் சென்று மூன்று காரியங்களைச் செய்ய வேண்டும். முதலாவது, அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைத்துவிடுவது. ஒவ்வொரு நிறுவனமும் அதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருந்தாலும், அது செய்யும் வேலை ஒன்றே: நொடிக்கு 24 சட்டங்களாக (ஃப்ரேம்களாக) எடுக்கப்பட்ட படத்தின் இடையிடையே இல்லாத சட்டங்களைத் தானாகவே உருவாக்கிச் செருகுகிறது. பழைய படங்களில் பெரும்பூதங்கள் பல, பொம்மையைச் சிறிது சிறிதாக நகர்த்தி ஒவ்வொரு சட்டமாகப் பிடித்தவை. அந்த வெட்டுவெட்டான அசைவில்தான் அவற்றின் உயிர் இருக்கிறது. அதை வழவழப்பாக்கினால் பூதம் குழைத்த மாவுபோல நெளியும்.

இரண்டாவது, படத்தின் அகல உயரத்தை இழுத்து நிரப்பாமல் இருப்பது. 1950களின் கறுப்பு வெள்ளைப் படங்கள் பலவற்றில் இரு பக்கமும் கறுப்புப் பட்டைகள் வரும். சினிமாஸ்கோப் படங்களில் மேலும் கீழும் வரும். திரை வீணாகிறதே என்று பெரிதாக்கினால், ஓரத்தில் மெல்ல நுழையும் கரத்தை நீங்களே வெட்டி எறிந்தவராவீர்கள். மூன்றாவது, வண்ணங்களைப் பளீரென்று காட்டும் அமைப்பை விட்டுத் திரைப்படத்துக்குரிய அமைப்புக்கு மாற்றுவது. விளக்கை அணையுங்கள். கைப்பேசியில் பார்க்க வேண்டாம். உள்ளங்கைக்குள் அடங்கும் பூதத்தைக் கண்டு யாரும் அஞ்சியதில்லை.

துணையுரை (சப்டைட்டில்) பற்றியும் ஒரு சொல். எங்கள் பக்கத்து முதியவர்கள் பலர் திருவிதாங்கூர்க் காலத்துப் பள்ளிகளில் மலையாளம் படித்தவர்கள். அயல்மொழிப் படங்களுக்கு மலையாளத்தில் ஆர்வலர்களே துணையுரை எழுதும் வழக்கம் பரவலாக இருப்பதால், எல்லைப்புறத்தில் இருப்பவர்கள் தமிழில் கிடைக்காவிட்டால் அதையும் தேடிப் பார்க்கலாம். எங்கள் கூடத்தில் ஒருவர் மலையாளத்தில் வாசித்து மற்றவர்களுக்குத் தமிழில் சொல்வார். படம் சில இடங்களில் அவரால் இன்னும் நன்றாக இருந்தது.

முதல் இரவு: ஒரே ஒரு பூதக்காட்சி உள்ள படம்

வால்ட் டிஸ்னி நிறுவனம் 1954இல் வெளியிட்ட 'ட்வென்டி தவுசண்ட் லீக்ஸ் அண்டர் தி சீ' படத்திலிருந்து தொடங்கும்படி பரிந்துரைக்கிறேன். ரிச்சர்ட் ஃப்ளைஷர் இயக்கிய இந்த வண்ணப்படம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும். அதில் பூதம் வருவது ஒரே ஒரு பெரிய காட்சியில்தான். புதியவருக்கு அதுவே வசதி. நாட்டிலஸ் என்னும் நீர்மூழ்கியும் அதன் தலைவன் நீமோவும் கதையை இழுத்துச் செல்ல, காத்திருப்பது எப்படி என்பதைப் படமே கற்றுக்கொடுத்துவிடுகிறது. சிறுவர்களையும் அச்சமின்றி உட்கார வைக்கலாம்.

அந்த ஒரு காட்சிக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ராட்சதக் கணவாய் நீர்மூழ்கியைப் பற்றும் சண்டையை முதலில் அமைதியான கடலில், சிவந்த அந்திவானத்தின் கீழ் படம்பிடித்தார்கள். வெளிச்சத்தில் கணவாயை இழுக்கும் கம்பிகள் தெரிந்தன. தண்ணீரை உறிஞ்சிய கரங்கள் கனத்துத் தொய்ந்தன. பெருஞ்செலவில் எடுத்ததைத் தூக்கிப்போட்டுவிட்டு, அதே சண்டையை இரவிலும் புயலிலும் நடப்பதாக மாற்றி மறுபடி எடுத்தார்கள். மழையும் நுரையும் இருளும் கம்பிகளை மறைத்தன. அதுவரை பொம்மையாக இருந்தது விலங்காயிற்று. சிறப்புக் காட்சிகளுக்கான ஆஸ்கர் விருது அந்தப் படத்துக்குக் கிடைத்தது. கடலுக்குப் போகிறவர்களுக்கு இதில் வியப்பில்லை. வெயிலடிக்கும் பகலில் பார்க்கும் கணவாய் கறிக்கானது. காற்று மாறிய இரவில் கயிற்றை இழுக்கும் அதே கணவாய் வேறொன்று.

படம் முடிந்ததும் கூட்டத்தில் எவரேனும் இருபதாயிரம் லீக் ஆழத்துக்கு எப்படிப் போனார்கள் என்று கேட்பார். லீக் என்பது தொலைவை அளக்கும் பழைய அளவு. தலைப்பில் அது ஆழத்தைக் குறிப்பதன்று. கடலுக்கடியில் பயணம் செய்த தொலைவு. இந்தக் கதையின் மூலமான ஜூல் வெர்னின் பிரெஞ்சு நாவலில் நமக்கு நெருக்கமான ஒரு பகுதி இருக்கிறது: நாட்டிலஸ் மன்னார் வளைகுடாவின் முத்துச் சிலாபத்துக்கு வருகிறது; அங்கே ஓர் ஏழை முத்துக்குளிப்பவனைச் சுறாவிடமிருந்து நீமோ காப்பாற்றி, கைநிறைய முத்தும் கொடுக்கிறான். அந்த நீமோ யார் என்பதை வெர்ன் அடுத்தொரு நாவலில்தான் வெளியிட்டார். அவன் புந்தேல்கண்ட் நாட்டு இளவரசன். திரைப்படத்தில் ஜேம்ஸ் மேசன் அந்தப் பாத்திரத்தை மிக நன்றாகச் செய்திருக்கிறார் என்றாலும், இதை அறிந்தபின் படத்தைப் பார்க்கும்போது எனக்கு ஒரு சிறு குறை தோன்றாமல் இல்லை.

இரண்டாம் இரவு: பொம்மையின் உழைப்பைப் பார்க்கக் கற்றல்

அடுத்தது 1953இல் வெளிவந்த 'தி பீஸ்ட் ஃப்ரம் 20,000 ஃபேதம்ஸ்'. ஃபேதம் என்பது நம்முடைய பாகம். கைகளை அகல விரித்த அளவு, ஆறடி. இருபதாயிரம் பாகம் என்றால் முப்பத்தாறு கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. உலகின் மிக ஆழமான கடற்பள்ளமே ஏறத்தாழ பதினொரு கிலோமீட்டர்தான். தலைப்பை வாசித்தவுடன் எங்கள் ஊர்க்காரர்கள் இந்தக் கணக்கைப் போட்டுச் சிரித்துவிட்டார்கள். சிரித்து முடித்துவிட்டுப் பாருங்கள்.

ஆர்க்டிக் பகுதியில் நடத்தும் அணுகுண்டுச் சோதனையால் பனிக்குள் உறைந்திருந்த பழங்கால விலங்கு ஒன்று விழித்துத் தெற்கே நீந்தி நியூயார்க் வருவது கதை. விலங்கை அசைத்தவர் ரே ஹாரிஹவுசன். உலோக மூட்டுகளால் ஆன எலும்புக்கூட்டின் மேல் ரப்பர்த் தோல் போர்த்திய ஒரு பொம்மையை அவர் கையால் மயிரிழை நகர்த்தி ஒரு சட்டம் பிடிப்பார். மறுபடி நகர்த்தி மறுபடி பிடிப்பார். திரையில் ஒரு நிமிடம் ஓடுவதற்கு 1,440 சட்டங்கள் வேண்டும். தூண்டில் போடுகிறவர்களுக்கு இந்த வேலையை விளக்கத் தேவையில்லை: ஆயிரம் முள்ளுக்கு ஒவ்வொன்றாய் இரை கோத்தவர்கள் அவர்கள்.

இந்தப் படத்தில் காத்திருந்து பார்க்க வேண்டியது கலங்கரை விளக்கக் காட்சி. இரவுக் கடலிலிருந்து எழும் உருவம் விளக்கை நோக்கி வருகிறது. நிழலுருவம் மட்டுமே தெரிகிறது. சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. இது ரே பிராட்பரியின் சிறுகதை ஒன்றிலிருந்து வந்தது. அக்கதையில் மூடுபனிக்காலத்தில் கலங்கரை விளக்கம் எழுப்பும் ஊதல் ஒலியைத் தன் இனத்தின் குரல் என்று எண்ணி, ஆழத்தில் தனித்திருக்கும் கடைசி விலங்கு கரைக்கு வருகிறது. முட்டம் விளக்கையோ விழிஞ்ஞம் விளக்கையோ கடலிலிருந்து பார்த்துத் திரும்பியவர்களுக்கு அந்த எண்ணம் உறைக்கும்: கரையிலிருப்பவருக்கு அது எச்சரிக்கை, வருகிறவருக்கு அது அழைப்பு. படம் இந்தத் துயரத்தைத் தொட்டுவிட்டு விரைந்து ஊரை இடிக்கப் போய்விடுகிறது என்பது என் மனக்குறை.

இங்கே தண்ணீர் பற்றிய ஒரு நுட்பத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். இதை அறிந்தால் எல்லாப் பழைய படங்களும் இருமடங்கு சுவையாகும். பொம்மையைச் சிறிதாகச் செய்யலாம், கப்பலைச் சிறிதாகச் செய்யலாம். தண்ணீர்த் துளியைச் சிறிதாக்க முடியாது. தொட்டியில் மிதக்கும் இரண்டடிக் கப்பலின் மேல் தெறிக்கும் துளி தேங்காயளவு தெரிந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். மேலும் பெரிய அலை விழுவதற்கு நேரம் எடுக்கும், சிறிய அலை சட்டென்று விழும். ஆகவே தொட்டிக்காட்சிகளை வேகமாகப் படம்பிடித்து மெதுவாக ஓட்டுவார்கள். பதினாறில் ஒரு பங்கு அளவுள்ள கப்பல் என்றால், வழக்கத்தைவிட நான்கு மடங்கு வேகத்தில், நொடிக்கு 96 சட்டங்கள் பிடித்தால் அலை சரியான கனத்தோடு விழும். இனி எந்தப் படத்திலும் கப்பல் மூழ்கும் காட்சி வந்தால் துளியின் அளவைப் பாருங்கள். எங்கள் கூடத்துச் சிறுவர்கள் இப்போது பூதத்தைப் பார்ப்பதற்கு முன் துளியைத்தான் பார்க்கிறார்கள்.

மூன்றாம் இரவு: மீன்பிடிப் படகிலிருந்து தொடங்கும் படம்

இந்த இரவுக்கு நேரம் ஒதுக்குங்கள். ஜப்பானில் 1954 நவம்பர் 3 அன்று வெளியான 'கோஜிரா', உலகம் காட்ஸில்லா என்று அறிந்த பூதத்தின் முதல் படம். பிற்காலத்து வண்ணப்படங்களில் அது வேறு பூதங்களோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு இதைக் குழந்தைகளுக்கான படம் என்று எண்ணியிருந்தால் அந்த எண்ணத்தை வாசலிலேயே விட்டுவிடுங்கள். இரண்டு வடிவங்கள் கிடைக்கின்றன. 1956இல் அமெரிக்காவில் ரேமண்ட் பர் என்ற நடிகரை இடையிடையே செருகி, மூலத்தின் பல பகுதிகளை வெட்டி வெளியிட்டது ஒன்று. இஷிரோ ஹோண்டா இயக்கிய 96 நிமிட ஜப்பானிய மூலம் மற்றொன்று. மூலத்தைத் தேடிப் பாருங்கள்.

பின்னணி இதுதான். 1954 மார்ச் 1 அன்று பசிபிக் பெருங்கடலின் பிகினித் தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. எதிர்பார்த்ததைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு பெரிதாக வெடித்த அதன் கதிரியக்கச் சாம்பல், 23 பேர் சென்ற ஒரு ஜப்பானியச் சூரைமீன் படகின் மேல் விழுந்தது. படகுக்குத் தமிழில் பெயர் சொன்னால் 'நற்பேற்று நாகம் 5'. கரை சேர்ந்த அவர்களில் வானொலிப் பணியாளர் ஐகிச்சி குபோயாமா செப்டம்பர் 23இல் இறந்தார். அடுத்த சில வாரங்களில் திரையரங்குக்கு வந்த படம், இரவுக் கடலில் ஓய்வாக இருக்கும் மாலுமிகளையும் திடீரென்று வெண்மையாகக் கொதிக்கும் கடலையும் காட்டித் தொடங்கியது. ஜப்பானியப் பார்வையாளருக்கு அது என்ன என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதன்பின் வருவதுதான் எங்கள் கூடத்தை அமைதியாக்கியது. தேடச் சென்ற கப்பலும் திரும்பவில்லை. குடும்பத்தினர் அலுவலகத்தில் திரண்டு பெயர்களைக் கேட்கிறார்கள், அதிகாரிகளிடம் விடையில்லை, மூன்று பேர் பிழைத்தார்கள் என்று ஒரு செய்தி வருகிறது, பிறகு அதுவும் பொய்த்துப்போகிறது. ஒக்கிப் புயல் அடித்த 2017 நவம்பர் 30க்குப் பின், வள்ளவிளையிலும் சின்னத்துறையிலும் தூத்தூரிலும் அந்தக் காட்சியைப் பூதப்படத்தின் காட்சியாக யாரும் பார்க்க முடியாது. எங்கள் ஊரில் இதைப் போடும் முன் அப்படியொரு காட்சி வருகிறது என்று சொல்லிவிடுவது வழக்கம். சிலர் எழுந்து போய்விட்டு, அது கடந்தபின் வருவார்கள். நீங்களும் கடலில் ஆளை இழந்த வீட்டாரோடு பார்ப்பதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பூதம் முதலில் தலைகாட்டுவது ஒரு தீவுக்கிராமத்தின் குன்றுக்கு மேல். அதற்குமுன் மீன்வளம் குறைந்ததைப் பற்றி ஒரு கிழவர் பழங்கதை சொல்கிறார். பூதத்துக்கான பழைய சடங்காட்டம் நடக்கிறது. இரவில் வீடுகள் நொறுங்குகின்றன, எதனால் என்று தெரியவில்லை. இந்த ஒழுங்கைக் கவனியுங்கள்: முதலில் படகு இல்லை, அடுத்து மீன் இல்லை, அடுத்து வீடு இல்லை, கடைசியாகத்தான் விலங்கு. குன்றின் பின்னாலிருந்து அது தலையை நீட்டும்போது பார்ப்பவருக்கு அது தேவையே இல்லை, ஏற்கெனவே நம்பிவிட்டோம்.

கைவேலையைப் பற்றிச் சில தகவல்கள். சிறப்புக் காட்சிகளைப் பொறுப்பேற்ற எய்ஜி த்சுபுராயா, பொம்மையை நகர்த்தி எடுக்கும் முறையைத்தான் விரும்பினார். காலமும் பணமும் இடங்கொடுக்காததால் மனிதன் உடையணிந்து நகரத்து மாதிரிகளை மிதிக்கும் முறைக்கு மாறினார். ஏறத்தாழ நூறு கிலோ எடையுள்ள ரப்பர் உடைக்குள் விளக்குச் சூட்டில் வெந்தவர் ஹருவோ நகாஜிமா. அந்தப் பூதத்தின் ஓலம், கம்பி தளர்த்திய பெரிய நரம்பிசைக் கருவியின் மீது தோல் கையுறையை இழுத்துப் பெற்ற ஒலி. யோசனை இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபேயுடையது. பெயரும் இரண்டு விலங்குகளின் கூட்டு: கொரில்லாவும், ஜப்பானியத்தில் திமிங்கிலத்தைக் குறிக்கும் 'குஜிரா' என்ற சொல்லும். படத்துக்கு முன் த்சுபுராயாவின் மனதில் இருந்தது, இந்தியப் பெருங்கடலில் ஜப்பானிய மீன்பிடிக் கப்பல்களைத் தாக்கும் ராட்சதப் பேய்க்கணவாயின் (ஆக்டோபஸின்) கதை. அது நடந்திருந்தால் பூதம் நம் பக்கத்திலிருந்து கிளம்பியிருக்கும்.

இந்தப் படத்துக்குப் பின் அன்றைக்கே வேறொன்றைப் போட வேண்டாம்.

இடையில் இளைப்பாற

மூன்றாம் இரவின் கனம் குறைய, அடுத்த இரண்டு மூன்று நாள்களுக்கு இலேசானவற்றைப் பார்க்கலாம். இவற்றுக்கு அவித்த மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கும்) மீன்கறியும் துணையாக இருப்பது நல்லது. பேசிக்கொண்டே பார்க்கலாம், பழுதில்லை.

1955இல் வெளிவந்த 'இட் கேம் ஃப்ரம் பினீத் தி சீ' படத்தில் ஹாரிஹவுசனின் பேய்க்கணவாய் சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தைக் கரங்களால் சுற்றிப் பிய்க்கிறது. செலவைக் குறைக்க அதற்கு எட்டுக்குப் பதில் ஆறு கரங்களே செய்தார்கள். எந்தக் காட்சியிலும் எண்ண முடியாதபடி கரங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீரிலிருந்து எழுப்பியிருப்பது அவருடைய சாமர்த்தியம். பாலத்துக் காட்சியைத் தவிர மற்றவை நீளமான உரையாடல்கள்தான். கரைமடியில் பேய்க்கணவாயைப் பிடித்துப் பழகிய சிறுவர்களிடம் எண்ணச் சொல்லிப் பந்தயம் வைத்தால் அந்த உரையாடல் நேரமும் கழிந்துவிடும்.

ஜாக் ஆர்னால்டு 1954இல் எடுத்த 'கிரியேச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்' கடலில் நடப்பதன்று. அமேசான் ஆற்றின் ஒதுங்கிய காயலில் நடக்கிறது. ஆறு கடலில் சேரும் பொழிமுகம் மூடிக்கிடக்கும்போது உள்ளே தேங்கும் கறுத்த நீரைப் பூவாறு பக்கத்தில் பார்த்தவர்களுக்கு அந்த இடம் அந்நியமாக இராது. நாயகி நீர்ப்பரப்பில் நீந்த, அடியில் மல்லாந்தபடி மீன்மனிதன் அவளோடு இணையாக நீந்தும் காட்சிக்காகவே இதைப் பார்க்கலாம். நீருக்கடியில் அந்த உடைக்குள் இருந்தவர் ரிக்கோ பிரௌனிங். தரைக்காட்சிகளில் பென் சாப்மன். மூச்சுக்கருவி தெரியக்கூடாது என்பதால் பிரௌனிங் நிமிடக்கணக்கில் மூச்சடக்கினார். அந்த அழகான உருவத்தை வடிவமைத்த மிலிசென்ட் பேட்ரிக் என்ற பெண்ணுக்குரிய பெயர் பல்லாண்டுகள் மறைக்கப்பட்டிருந்தது.

1961இல் வந்த 'மிஸ்டீரியஸ் ஐலண்ட்' படத்தில் நீமோ மீண்டும் வருகிறான். கூடவே ஒரு ராட்சத நண்டும் வருகிறது. அது உண்மையான நண்டின் ஓட்டுக்குள் உலோக மூட்டுகளைப் பொருத்திச் செய்தது என்பதால், ஓட்டின் சொரசொரப்பு வேறெந்தப் பொம்மையிலும் இல்லாதபடி அசலாக இருக்கும். நண்டுகளையும் இறால்களையும் பூதமாக்கிய மற்ற பல படங்களை நான் பரிந்துரைக்கவில்லை. சிங்கி இறாலை விலைபேசிப் பழகியவர்களுக்கு அதைக் கண்டு பயம் வருவதில்லை. கிலோ என்ன விலை என்ற கேள்விதான் வருகிறது.

இந்த இரவுகளில் எவராவது இவ்வளவு பெரிய கணவாய் உண்டா என்று கேட்டால், உண்டு என்று சொல்லுங்கள். பன்னிரண்டு மீட்டர் வரை வளரும் ராட்சதக் கணவாயை உயிரோடு அதன் இடத்திலேயே முதன்முதலில் நிழற்படம் எடுத்தவர் ஜப்பானிய ஆய்வாளர் த்சுனெமி குபோதெரா. 2004இல், ஒகசவாரா தீவுகளுக்கு அருகே, ஏறத்தாழ 900 மீட்டர் ஆழத்தில், இரை கோத்த கயிற்றோடு இறக்கிய கேமராவால் எடுத்தார். அதாவது, தூண்டில் போட்டுத்தான்.

'ஜாஸ்' படத்துக்கான நேரம்

இவற்றையெல்லாம் பார்த்தபின் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'ஜாஸ்' படத்துக்கு வாருங்கள். நாங்கள் மறு ஆண்டு இந்த ஒழுங்கில் போட்டபோது அதே முன்வரிசை சிரிக்கவில்லை. அதற்காகச் செய்த மூன்று இயந்திரச் சுறாக்களை உப்புநீரில் சோதிக்காமல் கடலில் இறக்கியதால் அவை ஓயாமல் பழுதாயின. 55 நாளில் முடிய வேண்டிய படப்பிடிப்பு 159 நாள் நீண்டது. விசைப்படகு இயந்திரத்தின் மேல் உப்புக்காற்று என்ன செய்யும் என்று எங்கள் ஊரில் எந்தப் பையனைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான். சுறா வேலை செய்யாததால் சுறா இல்லாமலே எடுக்க வேண்டியதாயிற்று: நீர்மட்டத்தில் தாழ்ந்த கேமரா, ஜான் வில்லியம்ஸின் இரண்டு சுரங்கள், உடைந்த படகுத்துறைப் பலகை ஒன்று கரையை நோக்கித் திரும்புவது, பிறகு அந்தப் பீப்பாய்கள். விலங்கு முழுமையாகத் தெரிய ஏறத்தாழ எண்பது நிமிடம் ஆகிறது. புதியவர்கள் அந்த எண்பது நிமிடத்தைப் படமாகப் பாருங்கள். பின்பாதி அதற்கான கூலி.

சில காட்சிகளில் வருவது உண்மையான வெள்ளைச் சுறா. ஆஸ்திரேலியாவின் தென்கடலில் ரான், வாலரி டெய்லர் இணையர் எடுத்தவை அவை. சுறா பெரிதாகத் தோன்ற, சிறிய கூண்டுக்குள் குள்ளமான ஒருவரை இறக்கினார்கள். ஆளில்லாத கூண்டை ஒரு சுறா வெறித்தனமாகத் தாக்கிய காட்சி அவ்வளவு நன்றாக அமைந்துவிட்டதால், அதைப் பயன்படுத்துவதற்காக ஒரு பாத்திரத்தின் முடிவையே திரைக்கதையில் மாற்றினார்கள்.

குழந்தைகளிடம் ஒன்றை மட்டும் சொல்லிவையுங்கள்: எல்லாச் சுறாவும் இப்படி இல்லை. நம் கடலின் மிகப்பெரிய மீனான உடும்பன் சுறா (திமிங்கிலச் சுறா) சிறு மிதவை உயிர்களை வடிகட்டித் தின்பது. 2001 முதல் சட்டப் பாதுகாப்பில் இருப்பது. கொம்பன் சுறாவின் தலையைப் பார்த்து வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்குக்கூட இதைச் சொல்ல வேண்டியிருந்தது.

தடை நீங்கும் முன்னிரவு

படங்களின் ஒழுங்கைவிட எங்களுக்குப் பாடம் கற்பித்தது ஜூலை 31தான். ஓராண்டு அன்றைக்கு 'ஜாஸ்' போட ஏற்பாடாகியிருந்தது. ஐஸும் டீசலும் ஏற்றி நிற்கும் படகுகளில் விடியுமுன் ஆண்கள் புறப்படவிருக்கும் இரவில், படகு மூழ்கும் படமா என்று கூடத்துக்கு வந்த பெண்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். மின்சாரமும் அந்த நேரத்தில் போனது. நாங்கள் யாரும் அதற்காக வருந்தவில்லை.

அன்றிலிருந்து அந்த இரவுக்கு 1961இல் வெளிவந்த 'கோர்கோ' என்று முடிவாகிவிட்டது. இயக்குநர் யூஜின் லூரியே, நாம் இரண்டாம் இரவில் பார்த்த படத்தை எடுத்தவர். அதில் விலங்கு கொல்லப்படுவதைக் கண்டு அவருடைய சிறு மகள் அழுதாளாம். அதனால் விலங்கு சாகாத ஒரு படத்தை அவர் எடுத்தார். அயர்லாந்துக் கரையில் பிடித்த கடற்பூதத்தை லண்டனுக்குக் கொண்டுபோய்க் காட்சிப்பொருளாக்குகிறார்கள். பிடிபட்டது குட்டி என்றும், தாய் அதைவிடப் பன்மடங்கு பெரியது என்றும் தாமதமாகத் தெரிகிறது. உடைக்குள் மனிதன் இருப்பது அப்பட்டமாகத் தெரியும். நகரம் இடிவது சற்று நீளம். ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்றே மேல் ஓடும் படம் என்பதால் ஏழு மணிக்குத் தொடங்கினால் எட்டரைக்குள் முடிந்துவிடும். புறப்படுகிறவர்கள் சாப்பிட்டுச் சிறிது கண்ணயர நேரமிருக்கும். கடைசிக் காட்சியில் தாயும் குட்டியும் ஆற்றின் வழியாகக் கடலுக்குத் திரும்பிப் போகும்போது விளக்கைப் போட்டுவிடாதீர்கள். அவை தண்ணீருக்குள் முழுதாக இறங்கும்வரை முன்வரிசை எழுந்திருக்காது.